வேலூர்ப் பக்கம் கூடு கட்டும் பறவைகள்: மாசி முதல் ஆனி வரை பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை சுற்று வட்டாரத்தில் ஏரிக்கரை, பாலாற்று மணல், பனந்தோப்பு, மலையடிவாரம் என்று நடந்து பறவை பார்ப்பவர்களுக்காக இந்தப் பக்கம். கூட்டுக்குப் பக்கத்தில் போகாமலே கூட்டைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்ள முடியும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

இங்கே பறவைகள் எந்த மாதத்தில் கூடு கட்டும்?

எல்லாப் பறவைக்கும் ஒரே பருவம் கிடையாது. நிலத்துப் பறவைகளில் பெரும்பாலானவை மாசிக் கடைசியில் ஆரம்பித்து ஆனி வரை கூடு கட்டும். மாசியிலேயே செம்மார்புக் குக்குறுவான் விடாமல் ‘டுக், டுக்’ என்று தட்ட ஆரம்பித்துவிடும். பங்குனி, சித்திரையில் பஞ்சுருட்டான், பனங்காடை, வெண்மார்பு மீன்கொத்தி, வண்ணாத்திக்குருவி, கருஞ்சிட்டு, ஆள்காட்டி. சித்திரை, வைகாசியில் காக்கை, குயில், கரிச்சான். தையல்சிட்டு, தேன்சிட்டு, கொண்டைக்குருவி மூன்றுக்கும் பருவம் நீளம். ஒரு கூடு கெட்டால் உடனே அடுத்தது கட்டும்.

நீர்ப்பறவை கணக்கு வேறு. அவை ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்தால் கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் ஐப்பசி, கார்த்திகையிலிருந்தே கூடு கட்டும். சித்திரையில் அந்த மரங்களின் கீழே எச்சமும் உதிர்ந்த குச்சியும்தான் மிஞ்சியிருக்கும். முக்குளிப்பான், நாமக்கோழி, இலைக்கோழி போன்றவை தண்ணீரோடு நீர்ச்செடியும் அடர்ந்த பிறகுதான் இறங்கும். மழை பொய்த்த வருடத்தில் சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. அதனால் போன வருடம் பார்த்த தேதியை அப்படியே நம்பிப் போகாதீர்கள். ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

பங்குனியில் மஞ்சள் வாலாட்டி, சூறைக்குருவி எல்லாம் பளிச்சென்று நிறம் ஏறி நிற்பதைப் பார்த்து, இங்கேயே கூடு கட்டப்போகின்றன என்று நினைக்க வேண்டாம். அவை வடக்கே போகத் தயாராகின்றன.

எங்கே போவது?

முதல் முறை போகிறவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்து ஏரிதான் சிறந்தது. ஒரே இடத்துக்கு வாரம் ஒரு முறை போனால்தான், போன வாரம் குச்சி சுமந்த பறவை இந்த வாரம் புழு சுமப்பது கண்ணில் படும்.

வேலூர்க் கோட்டை அகழியின் வெளிச் சுற்றில் நடந்து சுவர் இடுக்குகளைப் பாருங்கள். பழைய கல் கட்டடத்தின் பொந்துகள் கிளி, மைனா, புறா, புள்ளி ஆந்தைக்குப் பிடித்தவை. வறண்ட பாலாறு ஆள்காட்டி, சிறிய பட்டாணி உப்புக்கொத்தி, கண்கிலேடி போன்று தரையில் முட்டையிடும் பறவைகளின் இடம். ஆற்றங்கரையின் செங்குத்தான மண் சரிவுகளில் பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் பொந்து குடையும். ராணிப்பேட்டை மாவட்டத்தின் காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது, மிகப் பெரியது. அங்கே கரை முழுக்க நடப்பதைவிட ஒரு கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்து ஒழுங்காகப் பார்ப்பது பயன் தரும். அமிர்தி, ஜவ்வாது மலை, ஏலகிரிப் பக்கம் காட்டுப் பறவைகள் கிடைக்கும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க வேண்டாம். குடியாத்தம், பேரணாம்பட்டு ஓரக் காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. மோர்தானா பக்கம் போகிறவர்கள் அன்றைய நிலவரத்தை வனக்காவலரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

எத்தனை மணிக்கு? எந்தப் பக்கம் நிற்பது?

பங்குனி நடுவில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கும். வைகாசிக்குள் அது ஐந்தே முக்கால் ஆகிவிடும். உதயத்துக்குக் கால் மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். எட்டரை வரை நல்ல நேரம். பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை நீங்களும் போக வேண்டாம், பறவையையும் கிளப்ப வேண்டாம். காரணம் கீழே, தூரம் பற்றிய பதிலில் இருக்கிறது.

வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். கரை ஏரிக்குக் கிழக்கே இருந்தால் காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்க்கலாம், நிறம் சுத்தமாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

என்ன பைனாகுலர் வாங்கலாம்?

8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் உள்ளது. பத்து மடங்கு வாங்கினால் பெரிதாகத் தெரியும், ஆனால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், பார்வைப் பரப்பும் குறுகும். புதருக்குள் துள்ளும் தையல்சிட்டைப் பிடிப்பதற்குள் அது போய்விடும். கண்ணாடி போடுபவர்கள், ‘ஐ ரிலீஃப்’ (முழுக் காட்சியும் தெரிய, பைனாகுலரின் பின்கண்ணாடிக்கும் கண்ணுக்கும் இடையே விடக்கூடிய தூரம்) 15 மில்லிமீட்டருக்குக் குறையாத மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு நோட்டு, பென்சில், இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி. சட்டை மண் நிறமோ இலைப்பச்சையோ இருந்தால் போதும்.

கூடு இருக்கிறதென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கூட்டைத் தேடாதீர்கள், பறவையின் வாயைப் பாருங்கள். அலகில் நார், பஞ்சு, சிலந்திக்கூடு, குச்சி இருந்தால் கூடு கட்டுகிறது. புழுவையோ தட்டானையோ கவ்விக்கொண்டு விழுங்காமல் கிளையில் உட்கார்ந்து அங்குமிங்கும் பார்த்தால் எங்கோ குஞ்சு இருக்கிறது. வெள்ளையாக, உருண்டையாக ஒன்றைக் கவ்விக்கொண்டு கூட்டிலிருந்து வெளியே பறந்தால் அது குஞ்சின் எச்சப் பை. சின்னக் குஞ்சுகளின் கழிவு ஒரு மெல்லிய தோல் பைக்குள் வரும். கூட்டில் வாடை தங்கி எதிரி வராமலிருக்க, தாய் தந்தை அதைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடும். இந்த ஒன்றைப் பார்த்துவிட்டால் குஞ்சு இருப்பது உறுதி.

நிறமும் சொல்லும். உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சாக மாறும், மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகும். ஆண் ஊதாத் தேன்சிட்டு முழுக் கருநீலத்தில் மின்னும். பருவம் முடிந்தால் தொண்டையில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சி, பெண்ணைப் போல ஆகிவிடும். பனங்காடை மேலே ஏறி, உருண்டு புரண்டு கத்திக்கொண்டே விழுவதைப் பார்த்தால் அருகில் மொட்டைப் பனை இருக்கிறதா என்று பாருங்கள். பனையோலைக்கு அடியில் எச்சிலால் ஒட்டிய சின்னக் கூடு பனை உழவாரனுடையது. கீழிருந்து அது தெரியாது, ஒரே மரத்துக்கு அவை திரும்பத் திரும்ப வருவதுதான் தெரியும்.

ஒரே இடத்துக்கு ஒரு பறவை மூன்று தடவை வந்துபோனால் அந்த இடத்தைத் தூரத்திலிருந்து மனதில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். இலையை விலக்கிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்? கொஞ்சம் கிட்டப் போனால் என்ன ஆகிவிடும்?

புதர்க் கூட்டுக்குப் பதினைந்து மீட்டர், தரைக் கூட்டுக்கு ஐம்பது, கழுகு வகைக்கும் நீர்ப்பறவைக் கூட்டத்துக்கும் நூறு. இது கைக்கணக்கு. கடைசித் தீர்ப்பு பறவையுடையது. அது கத்த ஆரம்பித்தாலோ, இரை கவ்வியபடி கூட்டுக்குப் போகாமல் தயங்கினாலோ, நீங்கள் ஏற்கெனவே அளவு மீறி வந்துவிட்டீர்கள். பின்வாங்குங்கள். எங்கே நின்றாலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நம் ஊர் வெயில்தான் இதற்கு முதல் காரணம். முட்டைக்குள் கரு வளர ஏற்ற சூடு 36 முதல் 38 டிகிரி. 41-ஐத் தாண்டினால் கரு சாகும். சித்திரை, வைகாசியில் வேலூரின் காற்றே 40-ஐத் தொடும், ஆற்று மணல் அதைவிட எவ்வளவோ அதிகம் சுடும். ஆள்காட்டி அந்த நேரத்தில் முட்டைமேல் உட்கார்வது சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. தண்ணீருக்கு ஓடி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தால் முட்டையைக் குளிரவைக்கும். நீங்கள் உச்சிவெயிலில் கால் மணி நேரம் அதை எழுப்பி நிறுத்தினால், நான்கு முட்டையும் மணலிலேயே வெந்துபோகலாம். பறவை திரும்பி வந்து உட்காரும், நமக்கு ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். முட்டை மட்டும் பொரியாது.

இரண்டாவது காரணம் காக்கை. காக்கையும் வால்காக்கையும் மனிதர் எங்கே குனிகிறார் என்று கவனிக்கின்றன. கூட்டுக்கு நேராகப் போய் அதே வழியில் திரும்பினால் புல்லில் தடமும் வாடையும் விழும். கீரிக்கும் நாய்க்கும் பூனைக்கும் அது போதும். கூட்டைக் கடந்து போகவேண்டி வந்தால் நிற்காமல், அதையே பார்க்காமல், வேறு வேலைக்குப் போகிறவர் போல நடந்துவிடுங்கள்.

ஆள்காட்டி தலைக்கு மேலே வந்து கத்துகிறது. முட்டை எங்கே என்று தெரியவில்லை. என்ன செய்வது?

நின்ற இடத்திலேயே நின்று காலுக்குக் கீழே பாருங்கள். கூடு என்று ஒன்று கிடையாது. மணலில் ஒரு குழிவு, சுற்றிச் சில கூழாங்கல். முட்டை நான்கும் கூர்முனை உள்ளே இருக்கும்படி, கல்லின் நிறத்திலேயே கிடக்கும். பின்பு வந்த காலடியிலேயே கால் வைத்துத் திரும்புங்கள். ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும். குஞ்சு பொரிந்த அன்றே ஓடும். தாய் எச்சரித்ததும் குஞ்சு அப்படியே தரையோடு படுத்துவிடும், கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. அதனால் பெற்றோர் கத்தும் பகுதியில் வண்டி ஓட்டக் கூடாது. ஆற்றுக்குள் டூவீலரை இறக்கிச் சுற்றுவது இந்த மாதங்களில் பெரும் சேதம் செய்யும்.

செம்மூக்கு ஆள்காட்டி தண்ணீர்ப் பக்கம் பிடிக்கும். மஞ்சள்மூக்கு ஆள்காட்டி காய்ந்த பொட்டல், மேய்ச்சல் நிலம், மனை போட்டு விட்ட வெட்டவெளியில் இருக்கும். கண்கிலேடி பகலெல்லாம் நிழலில் சிலையாக நிற்கும், பெரிய மஞ்சள் கண்தான் காட்டிக்கொடுக்கும்.

பஞ்சுருட்டான் இரையோடு கம்பியிலேயே உட்கார்ந்திருக்கிறது, பொந்துக்குள் போகவே மாட்டேன் என்கிறது. ஏன்?

உங்களால்தான். பொந்தின் வாயை நீங்கள் பார்க்க முடிகிற இடத்தில் நிற்கிறீர்கள் என்பது அதற்குத் தெரிகிறது. பொந்து உங்களுக்குத் தெரியாத பக்கம் நகர்ந்து நின்றால் போய்விடும். ஆய்வில் நிரூபணமான விஷயம் இது. நீங்களே சோதிக்கலாம். நேரெதிரில் நிற்காமல், சரிவுக்குப் பக்கவாட்டில் தள்ளி, ஒரு வேலிக்கோ நிறுத்திய காருக்கோ பின்னால் போங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் உள்ளே போகும். கார் நல்ல மறைவிடம், கதவைத் திறக்காத வரை.

குடையும்போது பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அலகால் மண்ணைக் கொத்தித் தளர்த்தி, பிறகு சைக்கிள் மிதிப்பது போலக் கால்களை மாற்றி மாற்றி உதைக்கும். பொந்து வாயிலிருந்து மணல் விட்டு விட்டுச் சீறி வெளியே விழும். பொந்து ஒரு மீட்டருக்கு மேல் நீளும். அதன் மேல்தரையில் நடந்தால் கூரை சரியும், ஆகவே சரிவின் மேல்விளிம்பில் நிற்கவே கூடாது. கரையிலிருந்து மணலோ மண்ணோ எடுப்பவர்களிடம், பொந்துள்ள பத்தடியை ஆனி முடியும் வரை விட்டுவைக்கச் சொன்னால் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

வீட்டு வாசலில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. பக்கத்தில் நடக்கலாமா? தையல்சிட்டுக் கூட்டையும் எப்படி அடையாளம் காண்பது?

தாராளமாக நடக்கலாம். நீங்கள் தினமும் நடக்கும் இடத்தைத் தெரிந்தேதான் அது தேர்ந்தெடுத்தது. ஆள் நடமாட்டம் இருந்தால் காக்கை கிட்டே வராது. நின்று உற்றுப் பார்ப்பதுதான் தொந்தரவு. ஒயர், கொடி, செம்பருத்திக் கிளை என்று எதிலும் தொங்கவிடும். சிலந்திநூலால் பின்னிய பை, பக்கவாட்டில் வாசல், அதன்மேல் ஒரு சின்னத் தாழ்வாரம். வெளியே பட்டைத் துணுக்கும் புழுக்கழிவும் ஒட்டியிருப்பதால் குப்பை தொங்குகிறது என்று நினைத்துப் பலர் விளக்குமாற்றால் தட்டிவிடுகிறார்கள். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு இரண்டு முட்டையிடும். பொரிய இரண்டு வாரம், பறக்க இன்னும் இரண்டரை வாரம். ஐந்து வாரம் அந்த வாசலில் வெள்ளையடிக்கவோ ஒட்டடை அடிக்கவோ வேண்டாம்.

தையல்சிட்டு உயிருள்ள பெரிய இலையைத்தான் தைக்கும். இலை ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சையோ சிலந்திநூலையோ உள்ளே செலுத்தி இழுக்கும். முடிச்சு கிடையாது. வெளியே வந்த நுனி பிரிந்து பருத்துக்கொண்டு, திரும்ப உள்ளே போகாமல் பிடித்துக்கொள்ளும். இலை விளிம்பில் வரிசையாக வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான். அந்தச் செடிக்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், வேரில் ஊற்றுங்கள். இலை வாடினால் கூடு விரியும்.

காக்கை ஒரு கறுத்த குஞ்சுக்கு ஊட்டுகிறது, ஆனால் காக்கைக் குஞ்சு போல இல்லை.

குயில் குஞ்சு. வைகாசி, ஆனியில் நகரத்துக்குள்ளேயே பார்க்கலாம். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரியும், காக்கை முட்டைக்கு 16, 17 நாள் ஆகும். அந்த மூன்று நாள் முந்துவதால் குயில் குஞ்சு பெரிதாகி ஊட்டலில் பங்கை வாங்கிக்கொள்ளும். சில கூடுகளில் காக்கைக் குஞ்சும் சேர்ந்தே பிழைக்கும். குயிலை வெளியேற்றிக் காக்கையைக் ‘காப்பாற்ற’ வேண்டாம். இரண்டுக்கும் இது காலங்காலமாக நடக்கும் வழக்கம்.

குஞ்சு கீழே விழுந்து கிடக்கிறது. என்ன செய்ய?

முதலில் இறகு இருக்கிறதா பாருங்கள். உடல் முழுக்க இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்தி நகர்ந்தால் அது கூட்டை விட்டு இறங்கிய குஞ்சு. பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும். நாய், பூனை, சாலை ஆபத்து இருந்தால் மட்டும் எடுத்து அருகில் உள்ள புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு விலகுங்கள். பலரும் இந்தக் குஞ்சைத்தான் ‘மீட்டு’ வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாகடிக்கிறார்கள்.

இறகு இல்லாத, கண் திறக்காத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறு. கூடு பிய்ந்து விழுந்திருந்தால் ஒரு சின்னக் கூடையில் தேங்காய் நார் போட்டு, அடியில் தண்ணீர் வடியத் துளையிட்டு, அதே கிளையில் நிழலான பக்கம் கட்டி, முப்பது மீட்டர் தள்ளி இரண்டு மணி நேரம் கவனியுங்கள். பெரும்பாலும் வந்து ஊட்டும். வராவிட்டால் அட்டைப்பெட்டியில் துணி போட்டு, இருட்டாக வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் விடாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பால், பால்சோறு, பிஸ்கட் கொடுக்கவே கூடாது.

சிட்டுக்குருவிப் பெட்டி வைத்தும் வரவில்லை. எங்கே தவறு?

அநேகமாக மூன்றில் ஒன்று. ஓட்டை பெரிது: 32 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மைனா பிடித்துக்கொள்ளும். வெயில்: மேற்குப் பார்த்த சுவரில் தகரமோ மெல்லிய பிளைவுட்டோ வைத்தால் உள்ளே குஞ்சு வெந்துவிடும். இரண்டு சென்டிமீட்டர் தடிப்புப் பலகை, தரை 15×15 சென்டிமீட்டர், உயரம் 20-க்கு மேல், மேல் விளிம்பில் காற்றுத் துளை, வடக்கு அல்லது கிழக்குச் சுவரில் பத்தடி உயரம். மூன்றாவது உணவு: குஞ்சுக்குத் தானியம் ஆகாது, பூச்சிதான் வேண்டும். சுற்றிலும் சிமெண்ட் தரை, மருந்தடித்த தோட்டம் என்றால் பெட்டி காலியாகவே இருக்கும். பழைய கூட்டைப் பருவம் முடிந்த பிறகு மட்டும் சுத்தம் செய்யுங்கள். வீட்டுக்குள் வந்து கட்டினால் அந்த அறையின் சீலிங் ஃபேனை நிறுத்திவையுங்கள்.

போட்டோ எடுக்கலாமா? குரல் ஒலித்து வரவழைக்கலாமா?

கூட்டில் உள்ள பறவையின் படம் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. மறைக்கும் இலையை ஒதுக்கியோ கிளையை வெட்டியோ எடுத்த படம் என்றால், அந்தக் கூட்டுக்கு அன்று பகலிலேயே வெயிலும் காக்கையும் வந்துவிடும். கூட்டிலிருந்து தள்ளி, இரையோடு உட்காரும் கிளையில் எடுங்கள்.

மொபைலில் குரல் ஒலிப்பது இந்தப் பருவத்தில் கூடவே கூடாது. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டதென்று நினைத்து, அடைகாப்பதையும் ஊட்டுவதையும் விட்டுச் சண்டைக்கு வரும். பாறை மலைகளில் வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னான் போன்ற அரிய பறவைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒலித்தால் அதன் நாள் முழுதும் அதிலேயே போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பறவை முட்டையைச் சேதப்படுத்துவதையும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. கிளிக் குஞ்சு எடுத்து விற்பதும் வாங்கி வளர்ப்பதும் குற்றம்.

பார்த்ததை எப்படிப் பதிவு செய்வது?

தேதி, நேரம், பறவை, என்ன செய்தது, எந்த மரம், ஏறக்குறைய எவ்வளவு உயரம், ஏரியில் தண்ணீர் உண்டா. இவ்வளவு போதும். ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியல் போடுபவர்கள் இனப்பெருக்கக் குறியீட்டையும் சேருங்கள்: கூட்டுப்பொருள் சுமந்தது, இரை சுமந்தது, பறக்கத் தொடங்கிய குஞ்சு என்று தனித்தனியாக உண்டு. கூட்டின் துல்லிய இடத்தை வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ போடாதீர்கள். குஞ்சு பறந்த பிறகு எழுதலாம், தகவல் அதனால் கெட்டுவிடாது. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் அதே ஏரியை எண்ணியவர்கள் சித்திரையிலும் எண்ணினால், வலசை வந்தவை எவை, இங்கேயே தங்கியவை எவை என்பது தெளிவாகும்.

பாம்பு பயம் உண்டா?

உண்டு. கரைக் கல்லடுக்கில் சுருட்டை விரியனும், புல்லில் கண்ணாடி விரியனும் இருக்கும். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. கல் இடுக்கில் கை விடாதீர்கள். கடித்தால் கட்டுப் போட்டு இறுக்காமல், கீறாமல், உடனே அரசு மருத்துவமனை.

ஊர்ப் பக்கம் நாம் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பட்டுப்போன பனையை வெட்ட விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனங்காடை, கிளி, மைனா, புள்ளி ஆந்தை எல்லாம் அதே பொந்துக்குப் போட்டியிடும். செங்கல் சூளைக்கு ஒரு மொட்டைப் பனை போனால் நான்கு வகைக்கு வீடு போகிறது. வேலியோரப் புதரைக் கொளுத்துவதையும், ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களை அகற்றுவதையும் கூடு காலியான மாதத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். நீர்ப்பறவைக் கூடு உள்ள ஏரியில் அது கோடை, நிலத்துப் பறவைப் புதருக்கு ஆடிக்குப் பிறகு.

ஆனி முடிந்தால் பார்க்க ஒன்றும் இருக்காதா?

தூக்கணாங்குருவி அப்போதுதான் ஆரம்பிக்கும். முதல் மழையில் புல்லும் நாணலும் நீண்டால்தான் அதற்கு நார் கிடைக்கும். கிணற்றின் மேல் சாய்ந்த ஈச்சமரம், பனை, முள்மரம் எங்கும் பாருங்கள். ஆண் பாதி கட்டி, தலைக்கவசம் போல இருக்கும் நிலையில் நிறுத்தி, அதில் தொங்கிச் சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் உள்ளே புகுந்து இழுத்துப் பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் ஆண் நீண்ட குழல் வாசலைக் கட்டி முடிக்கும். பாதியில் தொங்கும் கூடுகள் பெரும்பாலும் பெண் ஏற்காதவை. அவற்றையும் அழகுக்காக அறுத்துவர வேண்டாம். கிணற்றின் எதிர்ப்பக்கம் இருபது மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதும், அவை உங்களைக் கண்டுகொள்ளாமல் பின்னிக்கொண்டே இருக்கும்.